ஏடும் மிடறும்: இசை பயிற்றிய முறைகளும் இசைக்குறியீட்டை மதிப்பிடும் நெறியும்

முன்னுரை

தமிழிசை வரலாற்றை எழுதியோர் இசைக்குறியீட்டைப் பற்றிப் பேச நேரும் இடங்களில் இருவகைக் கருத்துகளுள் ஒன்றை மேற்கொள்வதைக் காணலாம். பாடலை ஏட்டில் எழுதிய நம் முன்னோர் அதன் இசையை எழுதிவைக்கவில்லை, அதனாலேயே பண்கள் மறைந்தன என ஒரு சாரார் வருந்துவர். ஏழிசைக்கு ஏழு நெட்டெழுத்துகளை உரிமை செய்த திவாகர நிகண்டையும் குடுமியான்மலைக் கல்வெட்டையும் எடுத்துக்காட்டி, இசையை எழுதும் கலையில் மேலைநாட்டாருக்கு நாம் முந்தியவர்கள் என மற்றொரு சாரார் பெருமிதம் கொள்வர். இவ்விரு கருத்துகளும் தம்முள் மாறுபட்டவை போலத் தோன்றினும் இரண்டற்கும் அளவுகோல் ஒன்றே. குறியீடு என்பது இசையை இட்டு வைக்கும் பேழை என்பதே அவ்வளவுகோல். பேழை இல்லையென்று ஒருவர் வருந்த, இருந்ததென்று மற்றவர் மகிழ்கிறார்.

இசைக்குறியீடுகள் பல, இசையைக் காத்து வைப்பதற்காக அல்லாமல் ஒரு மாணாக்கனுக்குக் கற்பிப்பதற்காகவே தோன்றியவை. ஆகவே ஒரு குறியீட்டை எடுத்துக்கொண்டவுடன் நாம் கேட்கவேண்டிய முதல் வினா, இதைப் படிப்பவன் முன்பே என்ன அறிந்திருக்க வேண்டும் என்பதாகும். அவ்வினாவை முன்னிறுத்திச் சில சான்றுகளை இக்கட்டுரை ஆராய்கிறது. பாடல் நூல்களைப் பதிப்பிக்கும் தமிழாய்வாளருக்கு இவ்வினா ஏன் இன்றியமையாதது என்பது பின்னர் விளங்கும்.

கேளாத பாட்டைப் பாடுதல்

ஒப்பீட்டிற்கு முதலில் இத்தாலியத் துறவி குய்தோவின் முறையை எடுத்துக்கொள்ளலாம். தமிழிசை பற்றிய நூல்களில் இவர் பெயர் அடிக்கடி ஆளப்படினும் இவர் செய்தது இன்னது என்பது தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. 11ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொம்போசா மடத்திலும் பின்னர் அரெட்சோ நகரிலும் திருக்கோயிற் பாடகச் சிறுவருக்கு இசை பயிற்றியவர் இவர். இவருக்கு முன்பும் அங்குக் குறியீடு இருந்தது. சொற்களின் மேல் இடப்பட்ட அக்கீற்றுகள் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டின. எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்பதை அவை காட்டவில்லை. பாட்டை முன்பே அறிந்தவனுக்கு அவை நினைவூட்டும். அறியாதவனுக்கு அவற்றால் பயனில்லை.

குய்தோ கோடுகளை வரைந்தார். இரண்டு கோடுகளுக்கு நிறம் தீட்டி, அரைச்சுர இடைவெளி விழும் இடங்களை அடையாளப்படுத்தினார். அதனினும் சிறந்தது அவர் கண்ட பயிற்றுமுறை. திருமுழுக்கு யோவானைப் போற்றும் இலத்தீன் பாடல் ஒன்றில் முதல் ஆறு சொற்றொடர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு சுரம் உயர்ந்து தொடங்குமாறு அமைத்து, அதை மாணாக்கருக்கு மனப்பாடம் செய்வித்தார். அச்சொற்றொடர்களின் முதலசைகளே உத், ரே, மி, ஃபா, சோல், லா என்னும் சுரப்பெயர்களாயின. புதிய பாட்டில் ஒரு சுரத்தைக் கண்ட சிறுவன், தான் அறிந்த அப்பாடலில் அச்சுரத்தில் தொடங்கும் சொற்றொடரை நினைந்து அதன் ஒலியைப் பெறுவான். தெரிந்த ஒரு பாட்டு, தெரியாத பாட்டுகளுக்கெல்லாம் அளவுகோலாகிறது. உடன்துறவியாகிய மைக்கேலுக்கு எழுதிய மடலில், நெடுங்காலம் உழைத்தும் எய்தாத தேர்ச்சி இம்முறையால் ஓரிரு ஆண்டுகளில் கைவரும் என்கிறார். திருத்தந்தை பத்தொன்பதாம் யோவான் தாம் முன்பு கேட்டறியாத ஒரு பாட்டை இவர் ஏட்டைப் பார்த்துப் பாடினார் என்னும் செய்தியும் அம்மடலில் உள்ளது.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. சுரத்திற்குப் பெயரிட்டு அப்பெயரையே வாயாற் பாடுவது மட்டுமே குய்தோவின் கண்டுபிடிப்பாயின், அதை நம் நாட்டில் வியப்பதற்கு ஏதுமில்லை. ச ரி க ம என்று பாடுபவன் அதைத்தான் செய்கிறான். ஏழெழுத்து மரபைக் காட்டி 'குய்தோவுக்கு முன்பே' என வாதிடுவோர் இப்பகுதியை மட்டுமே ஒப்பிடுகின்றனர். கேளாத பாட்டைப் பாடச் செய்தல் என்னும் நோக்கமே அவருடைய முறையின் உயிர். அந்நோக்கத்திற்கு நம் மரபில் ஒப்பானது எது எனத் தேடினால் நிகண்டில் கிடையாது. அது வேறோரிடத்தில் உள்ளது.

கல்லில் எழுதிய பயிற்சி

புதுக்கோட்டையை அடுத்த குடுமியான்மலையில் பாறைமேல் பல்லவ கிரந்த எழுத்தில் வெட்டப்பட்ட இசைக்கல்வெட்டு 7ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படுகிறது. பி. ஆர். பண்டார்கர் அதை 'எபிகிராபியா இண்டிகா' பன்னிரண்டாம் தொகுதியில் பதிப்பித்தார். மத்திமக்கிராமம், சட்சக்கிராமம், சாடவம், சாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்திமம், கைசிகம் என்னும் ஏழு தலைப்புகளில் சுரங்கள் நந்நான்காகத் தொகுக்கப்பட்டுள்ளன. இதை வெட்டுவித்த அரசன் உருத்திராசாரியரின் மாணாக்கன் என்றும், மாணாக்கர் நலன் கருதியே இது செய்யப்பட்டதென்றும் கல்வெட்டின் இறுதி கூறுகிறது. அரசன் பெயர் கல்லில் இல்லை. முதலாம் மகேந்திரவர்மன் என்பது ஊகமே. அவ்வூகத்தை உறுதிசெய்வதற்கும் மறுப்பதற்கும் செலவான மையில் சிறு பங்கேனும் 'மாணாக்கர் நலன்' என்னும் குறிப்பை ஆராயச் செலவாகவில்லை என்பது வருந்தத்தக்கது.

கல்வெட்டின் அமைப்பே அது பயிற்சிக்குரியது என்பதைக் காட்டுகிறது. ஒவ்வோர் உட்பிரிவிலும் நாற்சுரத் தொகுதிகள் பதினாறு அடுக்கப்பட்டு, அவை எல்லாம் ஒரே சுரத்தில் முடிகின்றன. எப்பக்கமிருந்து புறப்பட்டாலும் குறித்த சுரத்தில் வந்து நிற்கும் பழக்கத்தைக் கைக்கோ மிடற்றுக்கோ ஊட்டும் அமைப்பு இது. பாட்டு எதுவும் இதில் இல்லை. வடமொழியும் கிரந்த எழுத்துமாக உள்ள கல்வெட்டின் முடிவில், இவை எட்டிற்கும் ஏழிற்கும் உரியவை என்னும் கருத்துடைய ஒரு தமிழ்க் குறிப்பு காணப்படுகிறது. அவ்வெண்கள் நரம்புகளைக் குறித்தனவா, வேறெதையேனும் குறித்தனவா என்பதில் அறிஞரிடையே ஒருமை இல்லை. நரம்புக் கருவியைக் குறித்தனவாயின், கற்போன் கருவியைக் கையில் ஏந்தி ஆசிரியன் முன் அமர்ந்தவன் என்பது பெறப்படும்.

சுரவெழுத்துகள் அ, இ, உ, எ என்னும் நான்கு உயிர்களையும் ஏற்று வருகின்றன. ர, ரி, ரு, ரெ என்றாங்கு வரும் இவ்வேறுபாடு சுருதி நுட்பத்தைக் குறிப்பதா, கருவியை இயக்கும் முறையைக் குறிப்பதா என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. மெய்யைச் சுரத்திற்கும் ஏறிய உயிரை அச்சுரத்தின் திரிபிற்கும் ஆக்கிக்கொண்ட உத்தி, உயிர்மெய் எழுத்துமுறை உடைய நாட்டிலேயே எளிதில் தோன்றக்கூடியது. 72 மேளகர்த்தா முறையில் வழங்கும் ர, ரி, ரு என்னும் வேறுபாட்டை இதனோடு தொடர்புபடுத்திச் சிலர் எழுதுவதுண்டு. அங்கு உயிர்கள் மூன்று, இங்கு நான்கு. இடைப்பட்ட காலமும் மிக நீண்டது. ஒரே எழுத்துமுறை இருவேறு காலத்தில் ஒத்த உத்தியைத் தந்தது என்பதற்கு மேல் கூறுவதற்குச் சான்று போதாது.

பண்ணும் கட்டளையும்

தேவார ஏடுகளில் சுரம் இல்லை, பண்ணின் பெயரே உள்ளது. இதைக் குறையாகக் கருதுவோர், ஓதுவோர் எவ்வாறு உருவாக்கப்பட்டனர் என்பதை நோக்குதல் வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பிக்க அமர்த்திய பிடாரர் 48 பேர். உடுக்கை வாசிப்பவர் ஒருவரும் கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரும் சேர 50 பேருக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் வழங்கப்பட்டது. ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவருக்கு அடுத்த உறவினர் அப்பணியை ஏற்க வேண்டும். அவர் தகுதியற்றவராயின் தகுதியுடைய மற்றொருவரைக் கொண்டு செய்விக்க வேண்டும். கல்வெட்டு கூறும் இவ்விதி, பரம்பரை மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர் எனக் காட்டுகிறது. பயிற்சி நடந்த இடம் குடும்பம். அங்கு நூலின் தேவை குறைவு.

திருமுறை கண்ட புராணம் கூறும் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. தில்லையில் ஏடுகள் கிடைத்தன. இசை கிடைக்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் திருஎருக்கத்தம்புலியூரிலிருந்து வரவழைக்கப்பட்டு, அவர் வழியாகவே பண்கள் அமைக்கப்பட்டன. இதை வரலாறாகக் கொள்ளினும் புனைவாகக் கொள்ளினும், பாட்டு ஏட்டிலும் பண் மிடற்றிலும் தங்கும் என்னும் நம்பிக்கை அதில் பதிந்துள்ளது. அதே புராணம் பண்தோறும் கட்டளை இத்தனை என எண்ணிச் சொல்வதையோ பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

கட்டளை என்பது சீரமைப்பும் தாளநடையும் ஒத்த பதிகங்களை ஓரினப்படுத்துவது. ஒரு பண்ணில் ஒரு கட்டளைக்குரிய பதிகம் ஒன்றை ஆசிரியனிடம் பாடங்கேட்டவன், அதே பண்ணில் அதே கட்டளையில் அமைந்த பிற பதிகங்களை ஏட்டைப் பார்த்தே பாடிவிடலாம். அறிந்த ஒன்று அறியாத பலவற்றுக்குத் திறவுகோலாகும் இம்முறையே, குய்தோவின் நோக்கத்திற்கு நம் மரபில் நேரொப்பானது. அவர் பாட்டைச் சுரங்களாகப் பிரித்தார், ஒவ்வொரு சுரத்திற்கும் ஒரு நினைவுக் குறிப்பு வைத்தார். இங்கோ முழுப் பதிகமே அளவுகோலாக வைக்கப்பட்டது. முன்னது எந்தப் புதுப்பாட்டையும் திறக்கவல்லது. பின்னது தன் இனத்துப் பாட்டை மட்டுமே திறக்கும். எனினும் சுரத்துக்கும் சுரத்துக்கும் இடைப்பட்ட அசைவு, குழைவு ஆகியவற்றைப் பின்னதே சுமந்து செல்கிறது. பண்ணும் கட்டளையும் குறித்த ஏடு, மாதிரிப் பதிகம் ஒன்றேனும் அறிந்த ஓதுவாருக்கு நிறைவான குறியீடே ஆகும். அப்பதிகத்தை அறிந்தவர் இல்லாதொழிந்த பின்னரே அது குறையுடையதாகிறது.

ஒலியிலிருந்து பெயருக்கு

பிற்காலக் கருநாடக இசைப்பயிற்சி புரந்தரதாசர் வகுத்ததாகக் கூறப்படும் வரிசைகளில் தொடங்குகிறது. மாயாமாளவகௌளையில் சரளி, சண்டை வரிசைகளை மூன்று காலத்திலும் பாடி, அலங்காரங்களால் ஏழு தாளங்களையும் பழகி, மாணாக்கர் கீதத்திற்கு வருவர். கீதத்தை முதலில் சுரமாகவும் பின்னர்ச் சொல்லாகவும் பாடுவர். இப்பயிற்சியில் எழுத்தைக் கண்டு ஒலியெழுப்பும் திறன் துணைப்பயனே. கேட்ட ஒலியை இன்ன சுரமெனப் பிரித்தறியும் திறனே தலைமையானது. கற்பனைச் சுரம் பாடுவோருக்கு இத்திறனே அடிப்படை. குய்தோவும் கேட்ட பாட்டை எழுதச் சொன்னவரே. ஆயினும் அவர் மரபில் பின்வந்தோர் எழுத்திலிருந்து ஒலிக்குச் செல்லும் வழியையே பெருவழி ஆக்கினர். நம்மவர் ஒலியிலிருந்து பெயருக்குச் செல்லும் வழியை வளர்த்தனர். 'நம் பாடகருக்கு இசையைப் படிக்கத் தெரியாது' என்னும் பழிப்புரை இவ்வேறுபாட்டை உணராமல் எழுந்தது.

அச்சும் புதிய படிப்போனும்

19ஆம் நூற்றாண்டில் படிப்போன் மாறினான். இங்கிலாந்தில் நார்விச் நகரத்து சாரா குளோவர் அமைத்த எழுத்துமுறையை ஏற்றுத் திருத்திய ஜான் கர்வென், கோட்டு முறையைக் கற்க வாய்ப்பற்ற ஞாயிறுபள்ளிச் சிறுவருக்கும் உழைக்கும் மக்களுக்கும் டானிக் சோல்ஃபா என்னும் முறையைப் பரப்பினார். அதில் 'டோ' நிலைத்த சுரம் அன்று. நம் ஆதார சட்சத்தைப் போலப் பாடுவோர் குரலுக்கேற்ப இடம்பெயரும். அச்சகத்தில் உள்ள வழக்கமான எழுத்துகளாலேயே பாட்டை அச்சிட முடிந்தது அதன் பெருவெற்றிக்கு ஒரு காரணம்.

இந்நாட்டில் அ. மா. சின்னசாமி முதலியார் 1892–93இல் கீழைநாட்டு இசையை ஐரோப்பியக் கோட்டுமுறையில் எழுதி வெளியிட்டார். உலகோர் அனைவரும் படிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் கோட்டுமுறை ஒவ்வொரு சுரத்திற்கும் நிலைத்த சுருதியை விதிப்பது. ஆதார சட்சம் இடம்பெயரும் இசைக்கு அது தைத்த சட்டை ஆகாது. அவருடைய தூண்டுதலுக்கு உட்பட்டு எட்டயபுரத்து சுப்பராம தீட்சிதர் 1904இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வேறு வழியை மேற்கொண்டது.

தெலுங்கு எழுத்தில் அச்சான அந்நூல் குறில் நெடிலால் கால அளவையும், தனிக் குறிகளால் கமகங்களையும் காட்டுகிறது. அக்கமகங்களின் பெயர்களைத் தமிழாய்வாளர் ஊன்றி நோக்குதல் தகும். கம்பிதம், ஸ்புரிதம், பிரத்தியாகாதம் என்னும் வடசொற்களை அடுத்து நொக்கு, ஒதுக்கல், ஓரிகை, ஏற்றஜாரு, இறக்கஜாரு என்பன வருகின்றன. ஏற்றமும் இறக்கமும் ஒதுக்கலும் தமிழ் வழக்கு என்பதற்கு விளக்கம் வேண்டா. நூலின் மொழி தெலுங்காக இருக்க, கற்பித்தவர் வாயில் வழங்கிய தொழிற்சொற்கள் தமிழாக நின்றுவிட்டன. ஒதுக்கல் என்பது மெட்டின்மேல் தந்தியை ஒதுக்கி இழுத்து மேற்சுரத்தை எழுப்பும் வீணைச் செய்கை. ஆகவே அக்குறி முதலில் விரலுக்கு இடப்பட்ட ஏவல். மிடறு அதை வீணை வழியாகவே பெறுகிறது. வீணையறியாத வாய்ப்பாட்டு மாணாக்கர் அந்நூலைக் கையிலெடுத்து இடர்ப்படுவதற்கு, அதன் குறியீடு நிறைவற்றது என்பது காரணமன்று. அது எதிர்நோக்கும் படிப்போர் அவர் அல்லர். தீட்சிதரும் இதை உணர்ந்திருந்தார் போலும். அடுத்த ஆண்டே தொடக்கநிலை மாணாக்கருக்கெனப் 'பிரதமாப்யாச புஸ்தகமு' என்னும் தனிநூலை வெளியிட்டார். பெருநூலைப் பற்றி எழுதுவோர் பலர் இச்சிறுநூலைக் குறிப்பதும் அரிது.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' சுருதி ஆராய்ச்சிக்காகவே போற்றப்படுகிறது. தொடக்கப் பயிற்சிக்குரிய உருப்படிகளைத் தமிழில் இயற்றி அவர் தந்த 'கருணாமிர்த சாகரத் திரட்டு' அதனினும் குறைவாகவே பேசப்படுகிறது. பொருள் விளங்காத மொழியில் முதற்பாடம் பயிலும் தமிழ்ச் சிறுவனை எண்ணி எழுதப்பட்டது அது. வடநாட்டில் விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் இலாகூரில் தொடங்கிய காந்தர்வ மகாவித்தியாலயமும், பாத்கண்டேயின் குறியீட்டு நூல்களும், வகுப்பறையில் பலராக அமர்ந்து கற்போரை நோக்கியவை.

பதிப்பு நெறி குறித்து

மேற்கூறியவை இசைத்துறையினர்க்கு மட்டும் உரியவை அல்ல. தமிழிசை இயக்கம் எழுந்த 1940களில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைச் சுரக்குறிப்புடன் வரிசையாக வெளியிட்டது. மேடையில் தமிழ் ஒலிக்க அது ஆற்றிய தொண்டு மறுக்க இயலாதது. பாடகருக்கு உடனே பாடுதற்குரிய பாடல் வேண்டும் என்னும் தேவையை அவ்வெளியீடுகள் நிறைவேற்றின. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர் முதலியோர் பாடல்கள் பலவற்றுக்குப் பழைய இசை வழக்கொழிந்திருந்தமையின் 20ஆம் நூற்றாண்டு வித்துவான்கள் புதிதாக இசையமைத்தனர். இராமநாடகப் பாடல்களுக்கு அரியக்குடி இராமானுச ஐயங்கார் அமைத்த இசை பலரும் அறிந்தது.

இவ்வாறு பாடுவோருக்கென ஆக்கப்பட்ட சுரக்குறிப்பை இலக்கிய வரலாற்றாசிரியர் சான்றாகக் கொள்ளும்போது இடர் தோன்றுகிறது. அச்சில் பாடலின் தலைப்பில் உள்ள இராகப் பெயரைக் கொண்டு, இக்கவிஞர் இன்னின்ன இராகங்களைக் கையாண்டார் எனப் பட்டியலிடும் ஆய்வேடுகள் உள்ளன. அவை ஆராய்வது கவிஞரை அன்று, அவருக்கு நெடுங்காலம் பின்வந்த இசையமைப்பாளரை. உ. வே. சாமிநாதையர் காலந்தொட்டுச் சொல்லுக்குப் பாடவேறுபாடு காட்டப் பழகிய நாம், சுரத்திற்கு அதைக் கேட்பதில்லை. யார் பாடக் கேட்டு எழுதியது, அவர் யாரிடம் கற்றார், இசை பழையதா புதிதா, எழுதியவர் எத்தகைய மாணாக்கரை எண்ணி எழுதினார் என்னும் நான்கு செய்திகளும் இன்றிச் சுரக்குறிப்பை வெளியிடுதல், ஏட்டின் வரலாறு சொல்லாமல் சங்கப் பாடலை அச்சிடுவதை ஒக்கும். தேவாரப் பதிகம் ஒன்றை வெவ்வேறு ஓதுவார் மரபினர் பாடும் வகையைப் பக்கம்பக்கமாக எழுதிக்காட்டும் பதிப்பு வருமாயின், மாணாக்கருக்கும் ஆய்வாளருக்கும் அது ஒருங்கே பயன்படும்.

சுரமே இல்லாத நூல்களிலும் இந்நெறி வேண்டப்படுகிறது. நாடகப் பாட்டு, பசனைக் கீர்த்தனை, சிந்து, கும்மி எனச் சென்ற இரு நூற்றாண்டுகளில் அச்சேறிய மலிவுப் பதிப்புகளில், பாட்டின் தலைப்பில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்னும் ஒரு வரி காணப்படும். கட்டளை முறையின் தெருவடிவம் என அதைக் கூறலாம். சுரம் அறியாத, ஆசிரியரும் வாய்க்காத எளிய மக்கள் காலணாப் புத்தகத்தைப் பார்த்துப் புதிய பாட்டைப் பாடியது அவ்வொரு வரியின் துணையால்தான். அத்தகைய நூல்களை இன்று தொகுத்துப் பதிப்பிப்போர் பாடற்சொல்லை மட்டும் கொண்டு, மெட்டு வரியை வணிகக் குறிப்பெனத் தள்ளிவிடுதல் கூடாது. குறிக்கப்பட்ட மூலப்பாட்டு எது, அதை இன்று பாட அறிந்தோர் உளரா எனத் தேடி அடிக்குறிப்பில் தருதல் பதிப்பாசிரியர் கடன்.